நான் இல்லாத குரூப்

பதினோரு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் ஸ ரி க ம எழுதுவதில் போயிருக்கின்றன. யாரும் கேட்டு நான் தொடங்கவில்லை. நிறுத்தப்போகிறேன் என்று வாயெடுத்தால் மட்டும் முப்பது பேர் ஏன் என்று கேட்பார்கள். அந்த முப்பது பேருக்கும் பதில் சொல்லும் அலுப்பை நினைத்தே பல ஞாயிறுகளை எழுதிக் கழித்திருக்கிறேன்.

வேலை இதுதான். பழைய கீர்த்தனை ஒன்றையோ தில்லானா ஒன்றையோ எடுத்து, எங்கள் பக்கத்து ஆட்களின் கையில் இருக்கிற வாத்தியங்களுக்கு ஏற்றபடி பிரித்து எழுதுவேன். கச்சேரி மேடைக்காரர்களுக்கு வீணை இருக்கிறது, வயலின் இருக்கிறது. எங்களிடம் இருப்பவை மாண்டலின், புல்புல் தாரா, மூங்கில் குழல், பஜனைக்கு வாசிக்கிற ஆர்மோனியம், ஒன்றிரண்டு தப்பு. பாடுகிறவர் தொண்டையில் வளைத்து இழுக்கிற ஒரு ஸ்வரத்தை என் மாண்டலினில் அப்படி இழுக்க வராது. தந்தியை வேகமாக மாறி மாறி மீட்டி நடுங்க வைத்துத்தான் நீட்ட வேண்டும். புல்புல் தாராவில் டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள். அழுத்தினால் ஸ்வரம் வந்து அப்படியே நிற்கும், ஒரு முடி அசையாது. குழல் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்க இடம் விட வேண்டும். எனவே ஒரே பாட்டை மூன்று தாளில் மூன்று விதமாக எழுதுவேன். எதை வைப்பது, எதை விடுவது என்பதிலேயே பாதி மாதம் போய்விடும்.

எழுதி முடித்ததும் போனில் படம் பிடித்து, வாத்தியம் வாசிக்கிற எங்கள் முப்பது பேரின் வாட்ஸப் குரூப்பில் போடுவேன். உடனே கைகூப்புகிற படங்கள் வரிசையாக வந்து விழும். அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர், அண்ணே போன மாதம் போட்டதைத் திரும்ப ஒருதரம் அனுப்புங்கள், போன் ரிப்பேராகிவிட்டது என்பார். கைகூப்புகிறவர்களில் உண்மையாக எடுத்து வாசிக்கிறவர் எத்தனை பேர் என்று நான் விசாரித்ததில்லை. தெரிந்தால் இன்னும் அலுப்பாகும் என்று ஒரு பயம்.

பிறகு ஏன் செய்தேன் என்றால், அது ஒன்றுதான் என்னுடையது. நாங்கள் இருக்கிற வீடு தோட்டத்துடையது. உடம்பு ஸ்டோருடையது. இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம், தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிப் பழக்கம். ஆனால் ஒரு பாட்டைப் பத்துத் தரம் போட்டுக் கேட்டு, அதற்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துத் தாளில் இறக்குகிற காது எனக்கு இருந்தது. அதை எனக்கு எந்தத் தோட்டத்துத் துரையும் தரவில்லை, திரும்பப் பிடுங்கவும் முடியாது என்று இருந்தேன்.

ஸ்டோரில் நான் ரோலர் அறைக்காரன். வாடிய கொழுந்தை உருட்டி நசுக்குகிற மெஷின்கள் அங்கே ஐந்து. ஐந்தும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பிரயோசனமில்லை. இருபத்தேழு வருடமாக அங்கே நிற்கிறேன். எங்கள் அறையில் யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டை அசைப்போம், புருவத்தை ஏற்றுவோம், கையைக் காட்டுவோம். ஒருவன் வாய் பாதி அசைந்தால் மீதியை நாங்களே போட்டுக்கொள்வோம். அறையின் அந்தக் கோடியில் நின்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் என்னைத் திட்டத் தொடங்குமுன்னே என்ன சொல்லித் திட்டப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. யார் பேசினாலும் முகத்தைப் பார்த்தபடியே இருப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு அது வெட்கமாக இருந்ததாம். இந்த மனிதர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று தன் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். பிறகு பழகிவிட்டாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் முன்னால் வந்து நின்றுதான் சொல்லுவாள்.

மற்றவர்களுக்குக் காது மந்தமானால் முதலில் தெரிவது பேச்சில். என்ன, என்ன என்று இரண்டாம் தரம் கேட்கத் தொடங்குவார்கள், வீட்டில் இருப்பவர்கள் கத்தத் தொடங்குவார்கள். எங்கள் அறைக்காரர்கள் பேச்சுக்குக் காதைப் பாவிப்பதையே எப்போதோ விட்டுவிட்டோம். அதனால் என் காது போனது எனக்குத் தெரியவில்லை. போனில் யாராவது கூப்பிட்டால் மட்டும் ஒன்றும் விளங்காது. தோட்டத்தில் சிக்னல் சரியில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்லி மெசேஜ் போடச் சொல்லிவிடுவேன்.

போன வருடம் ஆடி மழையில் ஒரு நாள் ஹட்டன் டவுனுக்குப் போனேன். அங்கே ஆணி, கீல், பெயின்ட் விற்கிற கடை வைத்திருக்கிறார் ஒரு முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா. எங்கள் குரூப்பில் புல்புல் தாரா வாசிக்கிறவர் அவர்தான். வயது அறுபது தாண்டியிருக்கும். வாத்தியத்தைக் கவுன்டருக்குக் கீழே, பூட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்திருப்பார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் எடுத்து வாசிப்பார். கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது எனக்கு மாண்டலின் தந்தி வாங்கி வருவதும் அவர்தான். அன்று நான் போனபோது அவர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

கவுன்டரில் புல்புல் தாரா, அதன் கீழே ஒரு தாள். நான் கடைசியாக எழுதிய கல்யாணி ராகக் கீர்த்தனை. என் கையெழுத்தில் இல்லை, அழகாக டைப் செய்து அச்செடுத்திருந்தது. மேலே என் பெயர் இருந்தது. யாரோ சிரமப்பட்டிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுத்தான் படிக்கத் தொடங்கினேன். பல்லவி நான் எழுதியபடியே இருந்தது. அனுபல்லவியில் பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறுகிற இடத்தில் நான் எழுதாத ஸ்வரங்கள் இருந்தன. டைப் செய்தவர் பிழை விட்டிருக்கிறார் என்று நினைத்து என் போனில் இருந்த படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அந்த வரியை மனதுக்குள் பாடிப் பார்த்தேன். தாளில் இருந்ததுதான் சரி. பாட்டு அப்படித்தான் போகும். சின்ன வயதில் கேட்டது ஞாபகத்தில் இருந்தது. நான் எழுதியது ராகத்துக்குப் பொருந்தும், ஆனால் அந்தப் பாட்டில் இல்லை.

பக்கத்தில் ஒரு ஃபைல் இருந்தது. அடுத்தவர் ஃபைலைத் திறக்கக் கூடாது என்று தெரியும். திறந்தேன். ஒரு வருடமாக நான் எழுதியவை எல்லாம் அதில் டைப் செய்யப்பட்டு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மேல் ஸ்தாயி மாறியிருந்தது. கீழே, நடுவே ஒரு ஸ்வரத்தைக்கூட யாரும் தொடவில்லை. பாட்டு உச்சிக்குப் போகிற இடமெல்லாம் நான் கேட்டு எழுதவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராகம் தெரியும், ஆகவே இப்படித்தான் போகும் என்று மீதியை நானே போட்டிருக்கிறேன், ரோலர் அறையில் செய்கிற மாதிரியே. போடுகிறேன் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நானா திரும்பி வந்தபோது ஃபைல் திறந்தபடி என் மடியில் இருந்தது. இது யார் வேலை என்று கேட்டேன். பூண்டுலோயா டீச்சர் டைப் பண்ணி அனுப்புகிறார், பார்க்க லேசாக இருக்கும் என்றுதான் என்றார். அந்த டீச்சர் எங்கள் குரூப்பில் குழல் வாசிப்பவர், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறவர். நான் குரூப்பில் இதைப் பார்த்ததே இல்லையே, எந்த குரூப்பில் அனுப்புகிறார் என்று கேட்டேன். நானா தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

இன்னொரு குரூப். என் குரூப்பில் இருக்கிற எல்லாரும் அதில் இருந்தார்கள், என்னைத் தவிர. நான் இங்கே போடுவதை டீச்சர் திருத்தி அங்கே போடுவார், அங்கே இருந்துதான் எல்லாரும் எடுத்து வாசிப்பார்கள். இங்கே எனக்குக் கைகூப்புவார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை என்று எவன் சொன்னான் என்று கேட்டேன். நானா கோபப்படவில்லை. கொஞ்சம் அந்தப் பெயின்ட் டின் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றார். திரும்பி நின்றேன். பின்னால் குரல் ஒன்று வருவது தெரிந்தது. ரோட்டில் பஸ் போவது தெரிவது மாதிரி, ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. டின்களில் எழுதியிருந்த நிறங்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் என் தோளைத் தொட்டார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டீ குடிக்கிறீங்களான்னுதான் கேட்டேன்," என்றார். "மூணு தரம் கேட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். என் காது போனது எனக்கே தெரியும், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறேன் என்று அவர்கள் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நான் மறைக்கிறேன் என்று அவர்கள் மறைத்திருக்கிறார்கள். மரியாதைக்காகச் செய்தது என்றார். அந்த மரியாதையை அப்போது அவர் முகத்திலேயே எறிந்துவிட்டு வரலாம் போல இருந்தது. தந்தியைக்கூட வாங்காமல் இறங்கினேன். அவர் மழையில் பின்னால் ஓடிவந்து தந்திப் பொட்டலத்தை என் பைக்குள் திணித்தார்.

பஸ்ஸிலேயே குரூப்பை விட்டு வெளியேறினேன். வீட்டுக்கு வருவதற்குள் டீச்சர் ஏழு தரம் கூப்பிட்டிருந்தார். எடுக்கவில்லை, எடுத்தாலும் என்ன கேட்கப்போகிறது. பிறகு மெசேஜ் வந்தது. முதலில் ஒரு பிழையைக் கண்டு கைதவறியிருக்கும் என்று விட்டாராம். அடுத்ததிலும் கண்டாராம். அதற்குக் கீழே எழுதியிருந்தார்: "அண்ணே, நான் ஒங்ககிட்ட சொல்லத்தான் நெனச்சேன். மொதல்ல அக்காகிட்ட கேட்டேன், அவங்கதான் வேணாம்னாங்க. சொன்னா எழுதுறத நிறுத்திருவாரு, நிறுத்தினா அந்த மனுசன் ஸ்டோர்லயே காஞ்சு போயிருவாருன்னாங்க."

அக்கா என்று அவர் எழுதியது என் மனைவியை.

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் கோபம் என்றால் முகத்தைப் பார்க்காமல் இருப்பது. முகத்தைப் பார்க்காவிட்டால் அவள் சொல்வது எனக்கு வராது. அந்த மூன்று நாளில் எங்கள் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். தகரத்தில் மழை விழுவது கேட்டது, ஆனால் எங்கேயோ பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் விழுவது மாதிரி. கேத்தல் கொதித்து மூடி ஆடுவதைக் கண்ணால்தான் பார்த்தேன். காலையில் வேலியோரம் வருகிற குருவிகளின் சத்தம் எந்த வருடம் நின்றது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. குருவிகள் வந்துகொண்டுதான் இருந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின.

நாலாம் நாள் அவளே முன்னால் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். போனோம். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் காத்திருந்தேன், கதவுக்கு வெளியே அவளும் காத்திருந்தாள். டாக்டர் சிங்களத்தில் சொன்னார். முகம் பார்த்துச் சிங்களத்தைப் பிடிக்க எனக்கு அவ்வளவு வராது என்று கண்டு ஒரு தாளில் படமாகக் காட்டினார். கீழ்ச் சத்தங்கள் இருக்கிற பக்கம் கோடு ஓரளவுக்கு நேராகப் போய், மேல் சத்தங்களின் பக்கம் வந்ததும் எங்கள் மலைச்சரிவு போலச் சரிந்து இறங்கியது. மெஷின் சத்தம் செய்த வேலை. இறங்கினது ஏறாது. காதுக்கு வைக்கிற கருவி பேச்சுக்கு உதவும், சங்கீதத்துக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று என் மனைவியை உள்ளே கூப்பிட்டு அவளிடம் சொல்ல, அவள் என்னிடம் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது. வருகிற வழியில் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு ஞாயிறு ஒன்றும் எழுதாமல் இருந்தேன். இருந்து பார்த்தபோது அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வேலியைக் கட்டினேன். கட்டின வேலியைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது ஞாயிறு மோகனத்தில் ஒரு தில்லானாவை எடுத்து உட்கார்ந்தேன். கேட்கிற இடத்தை மட்டும் எழுதுவது என்று முடிவு. கீழேயும் நடுவிலும் எனக்கு இன்னும் நன்றாகவே கேட்கிறது, அங்கே நான் யாருக்கும் குறைந்தவனில்லை. மேலே ஏறுகிற இடம் வந்ததும் கோடு மட்டும் போட்டு, ஸ்வரத்தை எழுதாமல் வெறுமையாக விட்டேன். விடுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. இப்படித்தான் போகும் என்று கை எழுதப் போனது, இரண்டு தரம் எழுதி அழித்தேன். முடித்ததும் டீச்சருக்கு மெசேஜ் போட்டேன், அந்த இன்னொரு குரூப்பில் என்னையும் சேர்க்கச் சொல்லி.

சேர்த்தார். தாளைப் படம் பிடித்து அதில் போட்டு, கீழே எழுதினேன்: "காலியாக இருக்கும் இடங்கள் எனக்குக் கேட்பதில்லை. கேட்பவர்கள் எழுதுங்கள்." அனுப்புவதற்கு முன் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். முப்பது பேர் படிப்பார்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

யாரும் கைகூப்பவில்லை. சாயந்திரம் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு நானா ஒரு வரியை எழுதிப் போட்டார். டீச்சர் அது பிழை என்று வேறொன்றைப் போட்டார். நுவரெலியாவில் இருந்து, இதுவரை ஒரு சொல் பேசாத ஒருவர் இரண்டும் பிழை என்றார். சண்டை தொடங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் அவர்கள் என் தாளைப் பற்றிச் சண்டை பிடித்தது அதுதான் முதல் தரம்.

அவர்கள் சண்டை பிடிக்கட்டும் என்று போனை வைத்துவிட்டு, நானா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். மாண்டலினில் நாலு ஜோடித் தந்தி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டும் ஒரே சத்தமாக நிற்க வேண்டும், ஒரு நூல் பிசகினாலும் பிளந்து கேட்கும். மூன்று ஜோடியை நானே மாற்றிச் சேர்த்தேன். மிக மெல்லிய முதல் ஜோடியை மாட்டி முறுக்கினேன். இரண்டும் எனக்குக் கம்பளிக்குள் இருந்து வருவதாகத்தான் கேட்டது. ஒன்றா வேறா என்று தெரியவில்லை.

மனைவி அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலி வந்து கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திய பிறகு அவள் வீட்டில்தான். கூப்பிட்டேன். நான் முறுக்கும்போது கேட்டு, இரண்டும் சேர்ந்ததும் சொல்லச் சொன்னேன். எது முதல் ஜோடி, எந்த முறுக்காணி என்று காட்டவும் கையைத் தூக்கினேன்.

அவள் மாக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் மடியில் இருந்து மாண்டலினை எடுத்தாள். பலகையில் உட்கார்ந்து சரியான முறுக்காணியைத் தானே பிடித்தாள். கட்டைவிரல் நகத்தால் ஒரு தந்தியைத் தட்டினாள், பிறகு மற்றதை. அரை முறுக்கு ஏற்றினாள், கொஞ்சம் தளர்த்தினாள். இரண்டாம் ஜோடியோடு ஒத்துப் பார்த்தாள். நான் செய்கிற அதே வரிசை. அவளுக்கு ஒரு ஸ்வரத்தின் பெயரும் தெரியாது, நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

அவள் முகத்தைத் தூக்கி, எனக்குத் தெரிகிற மாதிரிச் சொன்னாள். "ரெண்டு வருசமா. காலையில நீங்க ஸ்டோருக்குப் போனதும் சரி பண்ணி வைப்பேன். சாயந்திரம் வந்து முறுக்கிக் கெடுத்துருவீங்க."

அப்படியானால் நான் வாசிக்கும்போதெல்லாம் அது கெட்டுத்தான் இருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். நான் வாசிப்பது இந்த முன்னறையில், அடுப்படி ஆறடி தூரத்தில். நடுவில் கதவு ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு சாயந்திரம்கூட அவள் அந்தக் கதவைச் சாத்தவில்லை.